இடுப்பு வெடிப்பு

ராஜபாளையத்தில் வீடுகளுக்கு வெள்ளையடித்து வந்த பரிபூரணத்துக்கு, படம் வரையும் வேலை முதன்முறையாகக் கிடைத்தபோது வயது ஐம்பத்தொன்று. மம்சாபுரம் பக்கத்து ஊர் ஒன்றின் கல்யாண மண்டபச் சுவரில் தென்னைகள் சூழ்ந்த கடல்தீவு வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டியன். அவளோ தண்ணீர் குறைந்திருந்த ஐப்பசியில் பதினொரு நாள் கரையில் அமர்ந்து, அவ்வூர்க் கண்மாயின் நடுவே தீவாக நிற்கும் கரட்டுப் பாறையைப் பார்த்து, அதையே சுவரில் வரைந்தாள்.

கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த பிறகே கமிட்டி பார்க்க வந்தது.

"ஏம்மா, கல்யாணத்துக்கு வாரவுக கரட்டையா பாக்கணும்? இது எந்தப் பாறைன்னு எவனுக்குத் தெரியும்? வெள்ளையடிச்சு அழிச்சிரு" என்றார் தலைவர்.

பரிபூரணம் வெள்ளைப் பெயிண்ட் வாளியைத் தொடவில்லை. அந்நேரம் வாடகைப் பாத்திரம் கேட்க வந்த விவசாயி இருளம்மாள், சுவரைப் பார்த்ததும் கொதித்தாள். பாறையின் நடுவில் ஓடும் இடுப்பு வெடிப்புக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் இரண்டாம் போகம் இல்லை என்பது ஊர்க்கணக்கு.

"ஏலே காளிராஜ், இடுப்பு வெடிப்பு வெளிய தெரியுதே. மடையை எவன்லே தொறந்தான்?"

கமிட்டியோடு நின்ற, கண்மாய் மடையைப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சி காளிராஜும் பதறினான். "நான் மடைப்பலகையத் தொடவே இல்லக்கா, சத்தியமா."

"ஏட்டி, அது படம்" என்றார் சுந்தரபாண்டியன்.

இருளம்மாள் அசரவில்லை. "படம்னா மட்டும் தண்ணி கொறையலாமா? வெளியூர்க்காரன் நம்மள என்ன நெனப்பான்?"

சுந்தரபாண்டியன் வெள்ளைப் பெயிண்ட் வாளியைத் தாமே ஓரமாக நகர்த்தினார். பரிபூரணம் ஏணியேறிப் படத்துத் தண்ணீரை வெடிப்புக்கு மேல் ஒரு சாண் உயர்த்தினாள். பிறகு பாறையடியில் தன் பெயரை முழுதாக எழுதினாள்.