களைக்குது என்றால் என்ன?

வன்னியில் நான் வேலை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடும் நோயோடு வரும் கர்ப்பிணிகளை எந்த வைத்தியர் பார்ப்பது, எங்கே கட்டில், எந்த அம்புலன்ஸ் என்று ஒழுங்கு செய்வது என் பொறுப்பு. பாதி மருத்துவம், மீதி சண்டை. இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

அன்று பின்னேரம் கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இளம் டொக்டர் ஒருவர் போன் எடுத்தார். கொழும்பில் வளர்ந்த பிள்ளை.

"அக்கா, விசுவமடுவில இருந்து ஒரு கர்ப்பிணி வந்திருக்கிறா. ஏழு மாசம். களைப்பாம். வயல் வேலையும் செய்யிறவ. ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பவா?"

எங்கள் பக்கத்தில் களைப்பு என்றால் அலுப்பும்தான், மூச்சு வாங்குவதும்தான். எது என்று கேட்காமல் விட்டால் ஆளே போய்விடும். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தங்கச்சி, எப்ப களைக்குது?"

"படுத்தால்தான், டொக்டர். இப்ப கதிரையில இருந்துதான் நித்திரை." சொல்லுக்குச் சொல் மூச்சு எடுத்தாள்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அலுப்பில்லை. இது இதய நோய். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது.

"தம்பி, அவவை வீட்டுக்கு விடாதேங்கோ. ஒட்சிசன் குடுங்கோ. அம்புலன்ஸில இருத்தித்தான் கொண்டு வரவேணும். படுக்க வைச்சீங்களோ, தெரியும்!"

அடுத்தது எங்கள் வார்டுக்காரரோடு சண்டை. இதய நோய் என்றால் மருத்துவ விடுதிக்குப் போகட்டும் என்றது மகப்பேற்று விடுதி. வயிற்றில் பிள்ளையோடு இங்கே எப்படி என்றது மருத்துவ விடுதி.

"அவவுக்கு உடம்பு ஒண்டுதான். ரெண்டு விடுதிக்கும் வெட்டிக் குடுக்கவோ?" என்று கத்தினேன்.

அவள் வந்து இறங்கியபோது இரண்டு பக்கத்து வைத்தியர்களும் மயக்க மருந்து வைத்தியரும் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலிலேயே நின்றார்கள்.

மறுநாள் காலை அவளுடைய கணவன் வெளியே சுவரோடு ஒட்டி நின்றான். சாப்பிட்டவன் போலத் தெரியவில்லை. உள்ளே வந்து ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"ஆரைக் காப்பாத்த, தாயையோ பிள்ளையையோ எண்டு கேப்பீங்கள், டொக்டர். என்னால சொல்லேலாது."

படத்தில் பார்த்திருப்பான். அந்தக் கேள்விக்குப் பயந்தே உள்ளே வராமல் நின்றிருக்கிறான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"அதை இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம். அவவுக்கு மூச்சு சீராகீட்டுது. பிள்ளையின்ர துடிப்பும் நல்லா இருக்கு. ரெண்டு பேரும் உள்ளுக்கை இருக்கினம், போய்ப் பாருங்கோ."

செருப்பை வாசலில் உதறிவிட்டு ஓடினான்.