ஒரே விரலைத் தேடி வந்த தேள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் குடிக்கவில்லை என்று மனைவியிடம் நிரூபிக்க, என் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். தன் கால் விஷயத்தில் காலமெல்லாம் புளுகிய மனிதர் அவர்.

எண்பதுகளின் தொடக்கம். சிலிபின் என்ற ஊரில் குடியிருந்தோம். ஒரு காலையில் என் வலதுகால் கட்டைவிரல் தக்காளியாய்ச் சிவந்து வீங்கியது. கைலி நுனி பட்டாலே உயிர் போனது. பீர் குடிப்பவனுக்குத்தான் இது வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவைக்க, என் மனைவி விசாரணையைத் தொடங்கினாள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து நான் குடியை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது. மீறினால் கமுந்திங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றே சொல்லியிருந்தாள். இப்போது சட்டையை மோந்தாள். மோட்டார் சைக்கிள் பெட்டியைக் குடைந்தாள். நான் மிட்டாய் தின்றால்கூட, "எந்த வாடைய மறைக்க?" என்றாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரிக் அமிலம் எக்கச்சக்கம். குடித்தால் ஏறும்தான், ஆனால் சில குடும்பங்களில் சிறுநீரகமே அதைச் சரியாக வெளியேற்றாது, அந்தக் கோளாறு பிள்ளைகளுக்கும் இறங்கும் என்றார். "அப்பாவுக்கு இருக்கா?"

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்த டாக்டரும் ஒங்க கூட்டாளியா?"

அப்பாவுக்கும் வீங்கும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், சில மாதங்களுக்கு ஒருமுறை காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது நொண்டிக்கொண்டே போய், தேள் கொட்டிவிட்டது என்று லீவு கேட்பார். ஒவ்வொரு தடவையும் அதே கட்டைவிரல். அம்மா வீடெங்கும் மண்ணெண்ணெய் தெளிப்பார். அந்தத் தேளை ஒருவரும் பார்த்ததில்லை. நானோ அப்பாவைச் சந்தேகப்படாமல் தேள்மேல் கோபப்பட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சுங்கை சிப்புட்டில் இருந்த அப்பா வீட்டுக்குப் போனோம்.

"உண்மையச் சொல்லுங்கப்பா. தேளா, இல்ல எனக்கு வந்த இதே வீக்கமா?"

மருமகளை ஒரு பார்வை பார்த்தார். "தேளுதான்."

"அப்பா, இவ அம்மா வீட்டுக்குப் போயிருவா லா!"

காலைத் தடவிக்கொண்டார். பிறகு அவளிடம் சொன்னார்: "தோட்டத்து ஆஸ்பத்திரியில, கள்ளு குடிக்கிறத நிறுத்துன்னாங்கம்மா. நான் கள்ளுக்கடைப் பக்கமே போனதில்ல. சொன்னா யாரு நம்புவா? தேளுன்னேன், எல்லாரும் நம்புனாங்க."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இரண்டு தலைமுறை நிரபராதிகள்!

"இப்ப நம்புறியா?" என்று கேட்டேன்.

ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"மாமாவ நம்புறேன்."