ஹர்கமாயா போட்ட ஓட்டு

பருப்பு கொதிப்பதற்குள் ஹர்கமாயா அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களை ஒப்பித்து முடித்துவிடுவாள். கொலம்பஸ் நகரத்து ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை அவளுக்கு. வேலைக்குப் போகும் பஸ்ஸிலும் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் புது மொழி நாக்குக்குள் நுழைவேனா என்றது. அவள் விடவில்லை.

பூட்டானில் பிறந்தவள். நேபாளி பேசுகிறவர்களை வந்தேறிகள் என்று அரசு முடிவுகட்டிய காலத்தில், கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அவள் புருஷன் உள்ளதை உள்ளபடி சொன்னான். பெண்டாட்டியின் தாய் எல்லைக்கு அந்தப்பக்கத்துக்காரி என்பதையும் சொன்னான். அந்தக் குளிர்காலத்திலேயே ஆரஞ்சுத் தோட்டத்தை விட்டுவிட்டு லாரி ஏறினார்கள். நேபாள முகாமின் மூங்கில் குடிசையில் இருமி இருமியே அவன் போய்ச் சேர்ந்தான். மகள் சந்திரகலா உள்ளூர்க்காரனைக் கட்டிக்கொண்டு முகாமுக்குப் பக்கத்து ஊரான டமக்கில் தங்கிவிட்டாள். மகன் நரேனோடு ஹர்கமாயா அமெரிக்கா வந்தாள்.

கல்யாணமான மகளைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமானால் தாய்க்கு இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். இத்தனை பாடும் அதற்குத்தான். விண்ணப்பம் போய், நேர்காணலுக்குத் தேதியும் வந்துவிட்டது.

சனிக்கிழமைதோறும் கோயிலின் கீழ்த்தளத்தில் குடியுரிமைத் தேர்வுக்கு வகுப்பு. முகாமில் பிறந்து இங்கே படித்த சரீனா அதிகாரியைப் போல எதிரே உட்கார்ந்து கேட்பாள். அன்றைக்கு விண்ணப்பத்தில் இருந்த கேள்விகள்.

"எப்பவாவது குடிக்கு அடிமையா இருந்திருக்கீங்களா?"

"இருந்திருந்தா இந்த இங்கிலீஷ் எப்பவோ வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சரீனா அடுத்ததைக் கேட்டாள்.

"இந்த நாட்டுல ஓட்டுப் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேனே," என்றாள் ஹர்கமாயா பெருமையாக.

சரீனா பேனாவைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, விளையாடாதீங்க."

அவள் விளையாடவில்லை. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் கவுண்டர்க்காரி என்னவோ கேட்டாள். சர்க்கார் ஆள் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் தலையாட்டினாள். கொஞ்ச நாளில் வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. தேர்தலன்று பக்கத்து வீட்டுக்காரர் காரில் கூட்டிப் போனார். வெல்வெட் ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள். ஐம்பது வருடமாக எந்த அரசாங்கமும் உனக்கு யார் வேண்டும் என்று அவளைக் கேட்டதில்லை. ஓட்டுப் போட்டதற்குக் கொடுத்த ஒட்டுவில்லையை அன்று முழுக்க வேலையிலும் கழற்றவில்லை.

குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போடுவது குற்றம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த உறவுக்காரன் அவளைக் கேட்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டிருந்தான்.

கட்டணம் வாங்காத வக்கீலம்மா ஒருத்தியிடம் சரீனா அழைத்துப் போனாள். அவள் சொன்னதைச் சரீனா தயங்கித் தயங்கி நேபாளியில் சொன்னாள். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். உண்மையைச் சொன்னால் குடியுரிமையும் கிடைக்காமல், நாட்டைவிட்டே அனுப்பினாலும் அனுப்பிவிடலாம். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுவதே நல்லது. வெளிநாட்டுப் பயணமும் வேண்டாம். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் தோண்டிக் கேட்டால் ஆபத்து.

"அனுப்புறதுன்னா எந்த ஊருக்கு அனுப்புவாங்கன்னு கேளு," என்றாள் ஹர்கமாயா.

சரீனா கேட்டாள். வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, விண்ணப்பத்தில் பிறந்த நாடு என்ற கட்டத்தை மறுபடி பார்த்தாள்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அட்டை கொடுத்த கவுண்டர்க்காரியை யாரும் எதுவும் கேட்கவில்லை. யார் காதிலாவது விழுந்தால் வினை, இதைப் பற்றிப் போனில் எவரிடமும் மூச்சு விடாதே என்று நரேன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

நேர்காணலுக்குக் குறித்திருந்த நாளன்று சாயங்காலம் டமக்கிலிருந்து சந்திரகலா கூப்பிட்டாள். அங்கே விடிந்து, அவள் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தேறலடி."

"தேறலையா? இத்தனை வருஷமா என்னதாம்மா படிச்சே? எதிர்வீட்டுக் கிழவிகூடப் பாஸ் பண்ணிட்டதாச் சொன்னியே."

"மண்டையில ஏறல."

"தம்பியும் அவன் பொண்டாட்டியும் பக்கத்துல இருக்காங்க, பேரன் பொறக்கப் போறான். உனக்கென்ன குறை? நான் வந்தா என்ன, வராட்டி என்ன."

ஹர்கமாயா வாயைத் திறந்தாள். சோபாவில் இருந்த நரேன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"ஆமா," என்றாள். "இன்னும் கொஞ்சம் கவனமாப் படிச்சிருக்கணும்."

அந்தப்பக்கம் போன் வைக்கப்பட்டது. பெரியவர்களிடம் ஆசி வாங்கும் தசைன் பண்டிகை வந்து போனது. சந்திரகலா கூப்பிடவில்லை.