டவருக்கு நேர்கீழே ஒரு கட்டில்

பேராச்சி வாயைத் திறந்தால் தாராவியில் அந்தச் சந்தே கதவைச் சாத்தும். திறப்பதும் பிரம்மநாயகத்தை ஏசத்தான். கீழ்வீடு இவளுடையது; மாடியும் மொட்டைமாடியும் அவருடையவை. மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்க அவர் இடம் விட்டிருந்தார். தோல் பட்டறையில் சாயம் அடித்துக்கொண்டிருந்த இவள் புருஷன் செல்வம் நுரையீரல் புற்றில் செத்து நாலு வருஷம் ஆகிறது. அந்த டவர்தான் ஆளைத் தின்றது என்பது இவள் கட்சி.

அவளும் போகாத ஆபீஸ் இல்லை. போன இடத்திலெல்லாம், டவரிலிருந்து என்ன வருகிறது, காட்டு என்றார்கள். கண்ணுக்குத் தெரியாததை எங்கே போய்க் காட்டுவாள், பாவி மனுஷி! அந்த ஆத்திரமும் சேர்ந்து பிரம்மநாயகத்தின் தலையில்தான் விடியும். அவர் பதில் பேசமாட்டார். சொந்த ஊர்க்காரர், செல்வத்தை அண்ணன் என்று கூப்பிட்ட மனுஷன்.

போன மாசம் மாட்டுங்காவிலிருந்து மாலதி என்று ஓவியம் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். கையில் ஆளுயரக் கம்பு, அதில் வரிசையாக நாற்பது பல்பு. காற்றில் போன் சிக்னல் எவ்வளவு இருக்கிறதோ அத்தனை பல்பு எரியும்; அதைப் படமெடுத்துக் கண்காட்சி வைப்பாளாம். பகலிலும் இருட்டான சந்தில் அது டீக்கடையருகே இருபது எரிந்தது, தெருமுனையில் முப்பது. கேள்விப்பட்ட பேராச்சி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சாட்சி கிடைத்துவிட்டதே! சந்து முழுவதையும் கூட்டினாள்.

"கரிமுடிவான், கீழ இறங்கி வா. நீ செஞ்ச கொலையை ஊரே பாக்கட்டும்."

செல்வம் ஒன்பது மாசம் கிடந்த கட்டிலின்மேல் கம்பைப் பிடித்தார்கள். எரிந்தது இரண்டே பல்பு.

தூக்கு என்றாள், சாய் என்றாள், மூலைக்குக் கொண்டு போ என்றாள். இரண்டுதான். டவர் சிக்னலைத் தூரத்துக்குத்தான் வீசும், நேர்கீழே அதிகம் விழாது என்று மாலதி தயங்கிச் சொன்னாள். வாசலில் யாரோ சிரித்தார்கள். பிரம்மநாயகத்திடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு பொய்க் கம்பைக் கொண்டுவந்த சிறுக்கி என்று பேராச்சி அந்தப் பெண்மேல் பாய்ந்தாள்.

அப்போதுதான் பிரம்மநாயகம் வாயைத் திறந்தார்.

"மதினி, அண்ணன் இருபது வருஷம் சாயப் புகையைத்தான் மூச்சா இழுத்தாரு. இருமல் வந்தப்பமே பட்டறையை விடச் சொன்னேன். வீட்டுல உக்காந்தா சோறு யாரு போடுவான்னு விரட்டி அனுப்புனது நீங்கதான்."

இப்போது ஏசுவாள் என்று சந்து காத்து நின்றது. பேராச்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சொன்னது அவளுக்குத் தெரியாததா? அதை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் நாலு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தாள்.