டிச் பட்டன் வைத்த தெரு

தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் தேடினாலும், சுண்டுவிரல் நீளத்துக்கு ட்யூப் லைட் செய்து எரியவிட்ட எலக்ட்ரீஷியன் என்னைத் தவிர ஒருத்தன் கிடைக்கமாட்டான்.

பொய். செய்தவர் ஒரு டெய்லர் அக்கா. எரியவிட்டவரும் அவர்தான். நான் செய்த வேலை, அப்படிப்பட்ட பதினாறு லைட்டை ஒரே நொடியில் கருக்கியது. அதை மட்டும் யார் உதவியும் இல்லாமல் தனியாகச் செய்தேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, படகில் ஏறினால் வாந்தி எடுத்த ஒரே பிள்ளை நான். ஆறாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன், ஜன்னலோரம் காற்று நன்றாக வந்தது. கடலும் ஆகவில்லை, படிப்பும் ஆகவில்லை, அதனால் கரண்ட்டைப் பிடித்தேன். அது மட்டும்தான் என்னைத் திருப்பிப் பிடிக்காமல் விட்டது. இரண்டு மூன்று தடவை பிடித்தது, அதை வீட்டில் சொல்லவில்லை.

செம்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் அந்த அக்கா இருக்கிறார். வீட்டு முன்ரூமில் பிளவுஸ் தைக்கிறார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேரில் யார் பெரியவர் என்று இதுவரை தெரியாது, தெரிந்துகொள்ள இரண்டு பேருக்கும் விருப்பமில்லை.

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனது, சீலிங் ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டதால். ஸ்டூல் மேல் ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணெதிரில் இருந்த இரும்பு பீரோவின் மேல் இன்னொரு பீரோ. தீப்பெட்டி உயரம். கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி மடித்த பீரோ. கைப்பிடி திரும்பியது. கதவைத் திறந்தால் உள்ளே லாக்கர், கீழ்த் தட்டில் பட்டுப் புடவை மடித்து வைத்திருந்தது. அடுக்கு அடுக்காக பார்டர் தெரிந்தது. பக்கத்தில் நூலால் பின்னிய கட்டில். பாட்டில் மூடியை அறுத்து வளைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு கால் உடைந்து, உடைந்த இடத்தில் கம்பி கட்டியிருந்தது. நம் வீட்டு நாற்காலியில் கட்டுவோமே, அதே மாதிரி. சட்டைப் பட்டனைச் சக்கரமாக வைத்த தையல் மெஷின். ஒரு குட்டி சீலிங் ஃபேன்கூட இருந்தது. ஊதினேன், சத்தமே இல்லாமல் சுற்றியது. நான் ரிப்பேர் பார்க்க வந்த ஃபேன் அதைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கும்.

"இன்னாக்கா இது, நாற்காலியை உடைச்சி வேற வெச்சிகீற?"

"உடையாத நாற்காலி எந்த வீட்லண்ணா இருக்கு? கீழ எறங்குங்க, ஃபேன பாக்க வந்தீங்களா, பொம்மைய பாக்க வந்தீங்களா?"

"இதெல்லாம் யாருக்குக் காட்றே?"

"யாருக்கு காட்ட? இன்னும் பொம்மை வெளாட்டான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. அதான் பீரோ மேலயே கெடக்கு." நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னார். "ஒரே ஒரு தடவ, நாலு பேரு நடக்கற எடத்துல இத எறக்கி வெச்சு பாத்துடணும்ணா."

அந்த ஒரு தடவை மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. அக்கா போகிற மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலை ஒவ்வொரு வருஷமும் ஒரு அன்பியம் அமைக்க வேண்டும். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் சேர்ந்த குழு. அக்காவின் அன்பியத்துக்கு முறை வந்தால் ஆம்பளைகள்தான் கட்டுவார்கள். வைக்கோல் போட்ட கொட்டகை, காக்கி பேப்பரைக் கசக்கிச் செய்த மலை, சுற்றிலும் மினுக்கு மினுக்கென்று சீரியல் செட். அந்த வருஷம் அக்கா எழுந்து, "நான் செய்றேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்பியத் தலைவர், ஆபீசில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு சார், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ட்ரை பண்ணுங்கம்மா. ஆனா சரியா வரலன்னா பழைய குடில் ஸ்டோர் ரூம்ல ரெடியா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா கட்டியது மலையும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஒரு தெரு. நம்ம பக்கத்துத் தெரு. இரண்டு பக்கமும் எட்டு எட்டு வீடு. மாடியில் கறுப்புத் தண்ணீர் டேங்க், வாசலில் கோலம், கேட்டில் பால் பை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவர் கிடையாது, அதனால் உள்ளே கட்டில், பீரோ, சோபா, டிவி எல்லாம் தெரியும். படுக்கிற இடமெல்லாம் காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு டூ-லெட் போர்டு. நடுத்தெருவில் நிறைமாத மரியாளும் அவர் வீட்டுக்காரர் சூசையும் கையில் பையோடு. தெருவின் கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டாய், அதில் ஒரே ஒரு குண்டு பல்பு.

எனக்கு வேதம் தெரியாது. ஆனால் வாடகைக்கு வீடு தேடி அலைந்தது தெரியும். போர்டைப் பார்த்தவுடன், பிள்ளை பெற இடம் கேட்டவர்களை வீடு வீடாகத் துரத்தி மாட்டுக் கொட்டாய்க்கு அனுப்பிய முழுக் கதையும் புரிந்துவிட்டது.

லைட் விஷயத்தில்தான் நான் வாயைப் பிளந்தேன். ஜூஸ் டப்பாவில் குத்துகிற சின்ன ஸ்ட்ராவை வெட்டி, ஒரு முனையில் குட்டி எல்.இ.டி.யைச் சொருகினால் ட்யூப் லைட். ஒவ்வொன்றையும் சுவரில் மாட்டியிருந்தது டிச் பட்டனால். குழந்தை கவுனில் டப்பென்று அழுத்திப் போடுவோமே, அந்தப் பட்டன். அது இரும்பு, அதில் கரண்ட் போகும். லைட்டின் ஒரு கம்பிக் காலில் குமிழ் பட்டன், இன்னொரு காலில் குழிப் பட்டன். சுவரில் அதற்கு எதிர் ஜோடி. மாற்றிப் போட நினைத்தாலும் பட்டன் பொருந்தாது. எந்த முட்டாள் மாட்டினாலும் பிளஸ், பிளஸோடுதான் சேரும். இருபது வருஷமாக வயர் முறுக்குகிறேன், இந்த யோசனை எனக்கு வந்ததில்லை. பிளவுஸ் தைக்கிறவருக்கு வந்திருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம் என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபாதர் வந்து ஜெபம் பண்ணித் திறந்து வைக்கிறார்.

"அண்ணா, பிளக் பாயிண்ட் மட்டும் இழுத்துக் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க. மாட்டுக் கொட்டாய் லைட்டு தனியா பேட்டரில எரியுது, கரண்ட் கட்டானாலும் அது அணையக் கூடாது. வீட்டு லைட்டுக்கெல்லாம் இந்த மூணு வோல்ட் அடாப்டரு. நான் போயி வைக்கோல் வாங்கிட்டு வந்துடறேன்."

பிளக் பாயிண்ட்டைப் பத்து நிமிஷத்தில் போட்டேன். அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. அடாப்டரைச் சொருகினேன். லைட் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். பார்க்க ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும், கரண்ட் இருக்கிற இடத்தைத் தொட்டால் அதன் தலையில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். வயரைத் தொட்டேன். எரியவில்லை. அடாப்டர் செத்துவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

டெஸ்டர் வீட்டுக் கரண்ட்டுக்குத்தான் எரியும், மூன்று வோல்ட்டுக்கு எரியவே எரியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்ததை எல்லாம் அந்தந்த நேரத்தில் ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தால் ஆறாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன். லைட் வராததற்கு உண்மையான காரணம், தெருமுனையில் அக்கா செய்துவைத்திருந்த குட்டி டிரான்ஸ்பார்மர். அதற்குள் ஒரு பெரிய டிச் பட்டன். அதை அழுத்தினால்தான் தெருவுக்கே கரண்ட்.

என் பையில் ஒரு பழைய இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் இருந்தது. பன்னிரண்டு வோல்ட். அதைச் சேர்த்து முறுக்கிவிட்டு, எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல், கை தட்டித் தூசி உதறி, பெரிய மனுஷன் மாதிரி நின்றேன். அக்கா வைக்கோலோடு வந்தார். கூடவே தலைவர் சாரும் வந்தார்.

"ஆச்சாண்ணா?"

"சூப்பரா கீதுக்கா. அடாப்டரு டெத்து. நம்ம ஸ்டாக்ல இருந்து ஒண்ணு போட்டுகினேன்."

நான் சொன்னது அவர் காதில் போய்ச் சேருவதற்குள் அவர் விரல் டிரான்ஸ்பார்மரை அழுத்திவிட்டது. தெருவே பட்டப்பகலாக வெளுத்தது. டிவி மேல் இருந்த தூசிகூடத் தெரிந்தது. அடுத்த நொடி பதினாறு வீடும் இருட்டு. கொட்டாயில் மட்டும் பேட்டரி பல்பு எரிந்துகொண்டிருந்தது. லேசாகப் பிளாஸ்டிக் கருகிய வாசனை.

"ஈ.பி.காரனுங்க பேஜாருக்கா, வோல்டேஜ ஏத்தி ஏத்தி வுடறானுங்க" என்றேன்.

அக்கா அடாப்டரைக் கையில் எடுத்து, அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்தார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துத் தன் ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். "எவ்ளோ வோல்ட்டுன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் வைக்கோலைப் பார்த்தேன்.

சார் நல்ல மனுஷர். குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்லம்மா. இது இன்னும் பெட்டர். ஊரெல்லாம் இருட்டு, கொட்டாய்ல மட்டும் வெளிச்சம். அப்படியே விட்டுடலாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "ஆமாக்கா, சார் சொல்றது டாப்பு!"

"இல்ல சார்." அக்காவின் குரல் ஏறவில்லை. "வீடு இருட்டா இருந்தா, அவங்க தூங்கிட்டாங்க, கதவு தட்டினது கேக்கலன்னு ஆயிடும். தப்பே இல்லன்னு ஆயிடும். அவங்க முழிச்சிட்டுதான் சார் இருந்தாங்க. டிவி பாத்துட்டு, லைட்ட போட்டுட்டே எடம் இல்லன்னாங்க. அதுக்குத்தான் லைட்டு. லைட்டு இல்லன்னா இது வெறும் பொம்மை வீடு."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரை மணி வரைக்கும் டைம்மா. அதுக்குள்ள எரிஞ்சா சரி. இல்லன்னா பழைய குடில வெளிய எடுக்கச் சொல்லிடுவேன். ஃபாதர் வர்றப்போ பாதி வேலையா நிக்க முடியாது."

அப்போது மணி இரண்டரை. எல்.இ.டி. வேண்டும். என்னிடம் சீரியல் செட்டு மூட்டை மூட்டையாக உண்டு, எல்லாம் பச்சை, நீலம், சிவப்பு. வீட்டுக்குள் பச்சை லைட் எரிந்தால் வீடு மாதிரியா இருக்கும்? மஞ்சள் வெளிச்சம் ஒரே ஒரு செட்டில்தான் இருந்தது. அது எங்கள் வீட்டு முருகன் படத்தைச் சுற்றி எரிந்துகொண்டிருந்தது. வண்டியை விரட்டிக்கொண்டு போய்க் கழற்ற ஆரம்பித்தேன். பின்னால் என் வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"யோவ், சாமி லைட்ட எங்க எடுத்துகினு போற?"

"மாதா கோயிலுக்கு."

"திருப்பிக் குடுப்பாங்களா?"

"நான் அவங்கள்து பதினாறு கொளுத்திட்டேன்மே."

அவள் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இந்தாள வெச்சிகினு நீயும் எப்டிதான் சமாளிக்கிறியோ" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நான் பார்த்ததை, கை வேலை தெரிந்தவன் எவனும் மறக்கமாட்டான். அக்கா முதலில் தன் மூன்று வோல்ட் அடாப்டரையே திரும்ப மாட்டினார். நான் ஒவ்வொரு எல்.இ.டி.யாக வெட்டிக் கொடுத்தேன். அக்கா அதை, ஜோடியாகக் கட்டிய இரண்டு பென்சில் பேட்டரியில் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார், எது பிளஸ் கால் என்று தெரிந்துவிடும். வயருக்குள் இருக்கும் செம்பு இழையில் ஒன்றை உருவி ஊசியில் கோர்ப்பார். பட்டனில் நூலுக்காக இருக்கிற ஓட்டை வழியாக, எல்.இ.டி.யின் காலை நாலு சுற்றுச் சுற்றித் தைத்துவிடுவார். ஆமாம், லைட்டைத் தைத்தார். ஈயம் இல்லை, பத்தவைப்பு இல்லை. பிறகு டப், டப். ஒரு வீடு முடிந்தது. கருகிய லைட் கழன்று வருவதற்கும் புதியது ஏறுவதற்கும் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"எப்டிக்கா இப்டி கழட்ற மாதிரி செஞ்சே? கருகும்னு முன்னாடியே தெரியுமா?"

"என்னைக்காவது ஒரு எலக்ட்ரீஷியன் கிட்ட வருவார்னு தெரியும்."

பதினைந்து வீடு முடித்தபோது மணி ஐந்தே கால். கடைசி வீட்டுக்கு நான் எல்.இ.டி. வெட்டவில்லை. வேண்டுமென்றேதான். அந்த வீட்டு முன்ரூமில் பட்டன் சக்கரம் வைத்த தையல் மெஷின் இருந்தது. அது அக்காவின் சொந்த வீடு.

"இது ஒண்ணு இருட்டாவே இருக்கட்டும்கா. நீ தூங்கிட்டேன்னு இருக்கட்டும். நீ நல்லவ."

அக்கா ஊசியைக் கீழே வைக்கவில்லை. "வெட்டுங்கண்ணா. டிசம்பர் மாசம் எத்தினி பிளவுஸ் வெயிட்டிங்ல இருக்கும் தெரியுமா? யாரு தட்டியிருந்தாலும் நானும் அடுத்த வீட்டுக்குப் போங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

வெட்டினேன். அக்கா தைத்தார். டப், டப்.

ஆறு மணிக்கு ஃபாதர் ஜெபம் முடித்தார். கோயில் லைட்டையெல்லாம் அணைத்தார்கள். நான் டிரான்ஸ்பார்மரிலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அக்கா அழுத்தினார்.

பதினாறு வீட்டிலும் மஞ்சளாக லைட் வந்தது. கட்டிலின் நிழல் தரையில் விழுந்தது, பீரோக் கண்ணாடி மின்னியது, டூ-லெட் போர்டு ஒவ்வொன்றும் தெளிவாகப் படிக்க வந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா, "அடப்பாவிங்களா, இவ்ளோ எடத்த வெச்சிகிட்டா!" என்றார், யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியாமல். இதுவரை பீரோ மேலேயே கிடந்ததெல்லாம் தரையில் இறங்கி நின்றது. அதைச் சுற்றி ஆட்கள் முட்டி போட்டுப் பார்த்தார்கள். சிரித்தவர்களும் முட்டி போட்டார்கள்.

கடைசியாகத் தலைவர் சார் வந்து குனிந்தார். அவருக்கு வாடகைக்கு விட மூன்று போர்ஷன் உண்டு, வாசலில் வருஷம் முழுக்க போர்டு தொங்கும். மூன்றாவது வீட்டின் பச்சை கேட்டையே உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, இது நம்ம வீட்டு கேட்டு மாதிரியே இருக்கே?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நான் மனதுக்குள், அவ்வளவுதான், பழைய குடிலை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அக்கா சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. நிதானமாகச் சொன்னார் பாருங்கள் ஒரே ஒரு வார்த்தை, அதைக் கேட்டு சார் மட்டுமில்லை, ஃபாதரே திரும்பி—

இருங்கள், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள்.

"அண்ணா! வீட்ல இருக்கீங்களா? இந்த வருஷம் குடில்ல மாடி வீட்டுக்கு குட்டி லிஃப்ட் வெச்சிருக்கேன், நடுவுல நின்னுடுது. கொஞ்சம் வந்து பாருங்க. கையால தொடாம, கண்ணால மட்டும். டெஸ்டர வெச்சிட்டு வாங்க!"

"தோ வந்துட்டேன்கா!"