பெட்டியில் இரண்டு ஜன்னல்கள்

அட்டைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் சித்தப்பா மசிப் பேனாவால் எழுதியிருக்கிறார்: "பொங்கல், 1981. பிள்ளைகள் விளையாட." அந்த மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது. குறிப்பில் இரண்டு திருத்தங்கள் தேவை. சென்னையிலிருந்து அவர் பெட்டியோடு பெரம்பலூரில் வந்து இறங்கியது பொங்கலன்று இல்லை, கரிநாளன்று. விளையாடியது பிள்ளைகளும் இல்லை.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் செங்கற்கள் இருந்தன. சிவப்பும் வெள்ளையுமாக, தலையில் குமிழ் வைத்தவை. ஒன்றின் மேல் ஒன்றை அழுத்தினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். கூடவே ஒரு கதவு, இரண்டு ஜன்னல்கள். நானும் தங்கையும் கை வைப்பதற்குள் அம்மா தடுத்துவிட்டாள்.

"கரிநாள்ல யாராவது கட்டடம் ஆரம்பிப்பாங்களா? நாளைக்குப் பாத்துக்கலாம்."

பொம்மைக்குமா என்று சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அரியலூரில் மனை வாங்கி, செங்கல் இறக்கி, சிமெண்டு பர்மிட்டுக்கு மனுப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. சிமெண்டு ஆலை அந்த ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. ஆலைத் தூசி எங்கள் மனை வேப்பமரத்தில் தாராளமாகப் படிந்தது, மூட்டைதான் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கள் புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு முடித்திருந்தார். நிலை வைக்கும் கட்டம் வந்ததும் அம்மா அந்தக் குட்டிக் கதவுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். மிச்சம் விழுந்த கற்களால் நாங்கள் ஒரு மாட்டுக் கொட்டகை கட்டினோம். அதையும் அப்பா காம்பவுண்டு சுவருக்கு எடுத்துக்கொண்டார்.

சுவர் எழும்பிய பிறகுதான் அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள். இரண்டு ஜன்னல்களும் தெருப் பக்கம் இருந்தன.

"ஏங்க, அடுப்படிக்கு ஜன்னல் எங்க?"

"பெட்டியில ரெண்டுதான் இருந்துச்சு."

"பெட்டிக்காரனா வந்து சமைக்கப் போறான்?"

"பொகைபோக்கி வெச்சிடலாம்."

"அது எங்க? பெட்டியில இருக்கா?"

பெரம்பலூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. விறகடுப்பு. அம்மா கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்து, இருமி முடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போவாள். புது வீடு என்றால் அவளுக்கு அந்த ஒரு ஜன்னல்தான். அப்பாவுக்கோ, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். 'சும்மா ஒரு யோசனை' என்று ஆளுக்கொரு சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். காபி ஆறிப்போகும். பேரன் எடுத்த ஒருவர், மாடிப்படிக்குக் கல் தரவில்லை என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டு போனார். இந்தத் தொல்லை பொறுக்காமல்தான் அப்பா அரியலூர் கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார்.

"பொம்மை வூட்டக் கொண்டாரேன். அதுல என்ன இருக்கோ அதுதான். யார் சொன்னாலும் ஒரு கல்லு மாத்தக்கூடாது. நானே சொன்னாலும் மாத்தக்கூடாது."

பங்குனியில் பர்மிட் வந்தது. பொம்மை வீட்டைப் பெரிய தாம்பாளத்தில் வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, அரியலூர் பஸ்ஸில் ஏறினோம். தாம்பாளம் அம்மா மடியில். அப்பாவுக்கு உட்கார இடமில்லை. முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, சீர்வரிசையா?" என்றார் கண்டக்டர்.

"வூடுங்க" என்றாள் அம்மா.

"வூட்டுக்கும் ஒரு டிக்கெட் போடவா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் தங்கையும் அவமானம் தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தோம். எனவே துண்டுக்கடியில் நடந்ததற்கு எங்களைச் சாட்சியாகக் கொள்ள முடியாது.

மனையில் கொத்தனார் துண்டை விலக்கினார். தெருப் பக்கம் ஒரு ஜன்னல். இன்னொன்று அடுப்படியில், கச்சிதமாக. அது முன்பு இருந்த இடத்தில் வெள்ளைக் கல்.

அப்பா தாம்பாளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "இது இங்க இல்லியே" என்றார்.

"பஸ்ஸு குலுக்குன குலுக்குல நகந்திருக்கும்" என்றாள் அம்மா.

"நகந்து, அங்க இருந்த கல்லையும் எடுத்து இங்க வெச்சுச்சா?"

"ரோடு அப்படி."

அப்பா கொத்தனார் பக்கம் திரும்பினார். "இந்தாப்பா, அந்த ஜன்னல எடுத்து—"

"நீங்களே சொன்னாலும் மாத்தக்கூடாதுன்னீங்களே, சார்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் நூல் பிடிக்கப் போய்விட்டார்.

அடுப்படி ஜன்னல் இன்றும் இருக்கிறது. அம்மா கடைசி வரை தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை. பெட்டியிலுள்ள ஒரு வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை இருக்கிறது. ஆனால் நிலைக்கு மஞ்சள் தடவிய கையோடு அவள் எதையெல்லாம் தொட்டாளோ, அதைச் சான்றாக ஏற்க முடியாது.

அண்மையில் நானும் தங்கையும் இதைச் சோதித்துவிடுவது என்று பெட்டியைத் திறந்தோம். காலையில் ஆரம்பித்த வேலை, சாப்பாட்டை மறந்து பொழுது சாயும் வரை போயிற்று. சோதனைக்குத் தேவையில்லாத மாடிப்படியும் மாட்டுக் கொட்டகையும் கட்டியதுதான் காரணம். மறுநாள் அதே தாம்பாளத்தில், அதே வழியில் பஸ்ஸில் கொண்டுபோனோம். ஒரு கல்லும் அசையவில்லை.

"பாத்தியா?" என்றேன்.

"அப்ப இருந்த ரோடா இது?" என்றாள் தங்கை.

நியாயமான ஆட்சேபம். ஆகவே, அன்று ஜன்னல் தானாக நகர்ந்ததா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.