ஒட்டாத விசா

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஈழத்து ஆட்களுக்கு ஏதாவது கடிதம் வந்தால் என் வீட்டுக்குத்தான் கொண்டு வருவார்கள். நான் பெரிய கெட்டிக்காரன் என்று இல்லை. வீடு கபோ சந்தைக்குள் இருக்கிறது, மீன் வாங்க வரும்போது அப்படியே படியேறிவிடலாம். பெர்மெசோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும் காகிதம் என்றால் எனக்குப் பயமில்லை. கையில் பிடிக்கலாம், பைலில் போடலாம். லண்டன் விசாதான் இப்போது காகிதத்தில் வருவதில்லை. பாஸ்போர்ட்டிலும் ஒட்டமாட்டார்கள். போனில் கணக்குத் திறந்து முகத்தைக் காட்டினால் விசா அதற்குள் இருக்குமாம்.

வன்னியிலிருந்து அகதியாக வந்து சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பறிக்கும் தங்கச்சி ஒருத்திக்கு அப்படித்தான் விசா கிடைத்தது. கணவரும் அகதிதான், லண்டனில். அவரைக் கடைசியாக நேரில் பார்த்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்ததாம், இப்போது பாதிகூட இல்லையாம். செவ்வாய்க்கிழமை விமானம். அதற்குள் கணக்குச் சரிவராவிட்டால் ஏற்றமாட்டார்கள். ஞாயிறு மத்தியானம் ஒரு பை மந்தரினோடு வந்து நின்றாள்.

புது ஸ்கூட்டரோ புது பாஸ்போர்ட்டோ, எங்கள் வீட்டில் முதலில் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் தொட்டுத்தான் எடுப்போம். விசாவுக்கு மட்டும் ஏன் குறை? அவளுடைய போனை வைத்து, நானே பக்தியோடு ஒரு பொட்டு வைத்தேன். பிறகு வேலையைத் தொடங்கினோம்.

பாஸ்போர்ட்டைப் படம் எடுத்தோம், ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது. முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள். தெளிவில்லை என்றது. திரையில் அவள் பனிமூட்டத்துக்குள் நிற்பவள்போலத் தெரிந்தாள். வெளிச்சம் போதாது என்று பல்கனிக்கு அழைத்துப் போனேன். தெளிவில்லை. மூக்குத்தி மின்னுகிறது, கழற்று என்றேன். கழற்றினாள். தெளிவில்லை. விமான நிலையத்தில் அவள் பெட்டியோடு தனியே நிற்பதும், லண்டனில் அந்த மனிதருக்கு மிச்ச முடியும் கொட்டுவதும் கண்ணுக்குள் வந்தன.

நெற்றியைத் துடைக்கச் சொன்னேன்.

"அண்ணை, திருநீறு என்ன செய்யும்? பெர்மெசோவுக்கு இதோடைதானே படம் எடுத்தவங்கள்."

"லண்டன்காரர் கொஞ்சம் கண்டிப்பு" என்றேன், அவர்களோடு தினமும் தேநீர் குடிப்பவன்போல. பாவம், துடைத்துவிட்டாள். அப்போதும் தெளிவில்லை. போனை மூன்று தரம் அணைத்துப் போட்டேன். இது கணினிப் பிழை அல்ல, விசாவையே பறித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, நல்ல வக்கீல் யாரென்று யோசித்துக்கொண்டு நின்றபோது மனைவி வடைத் தட்டோடு வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை நெத்தியை விடுங்கோ. போனின்ரை நெத்தியைத் துடையுங்கோ."

போனுக்கு நெற்றி என்று நான் பொட்டு வைத்த இடம், மேலே நடுவில், முன் கமராவின்மேல். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. சேலைத் தலைப்பை ஈரமாக்கி மனைவிதான் துடைத்தாள். நான் அந்த நேரம் பார்த்துப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த தடவையே முகத்தை ஏற்றுக்கொண்டது. சற்று நேரத்தில் கணக்குத் திறந்தது. அவள் படம், பெயர், விசா எல்லாம் உள்ளே இருந்தன. தங்கச்சி திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூக்குத்தியைப் போட்டு, சாமிப்படத்தடியில் போய்த் திருநீறு பூசிக்கொண்டு, கணவருக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். விசா எங்கே, ஒட்டியாயிற்றா என்று அவர் படபடத்தார். முடி விஷயத்தில் அவள் சொன்னது உண்மைதான்.

"ஒட்டயில்லை, போனுக்கை கிடக்கு. பயப்பிடாதேங்கோ, அண்ணை சந்தனம் வைச்சுத்தான் தந்தவர்."

அவர் திரைக்குக் கிட்ட வந்து அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, "என்னப்பா, இண்டைக்கு உன்ரை முகம் நல்ல தெளிவாய்த் தெரியுது" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு மந்தரினை எடுத்து மிகவும் கவனமாக உரிக்கத் தொடங்கினேன்.